திருச்செந்தூரில் பிள்ளையை விற்ற நாள்

மைனி,

நேற்று மிளகாய் திரிக்கப் போன இடத்தில் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. வழக்கமாகப் போகும் மில்லில் மோட்டார் பழுது. பக்கத்துத் தெரு அரிசி மில்லிலும் மிளகாய்க்கு ஒரு மிஷின் இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். போனேன். உள்ளே நெல் அரைபட்டுக்கொண்டிருந்தது. குழாய் வழியாகத் தவிடு சூடாகக் கோணிக்குள் விழுந்துகொண்டிருந்தது. மிளகாய் நெடிக்காக மூக்கைப் பொத்தியிருந்த முந்தானையை எடுத்தேன். இனிப்பும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை ஏறியதும், ஒன்பது வருஷத்துக்கு முந்திய ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் உங்கள் பை.

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது கேட்காததை இப்போது எழுதிக் கேட்கிறேன். நேரில் பேச எனக்கு என்றைக்கும் வாய் வந்ததில்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். பொட்டலம் கட்டி வந்த தாளையும் கோயிலில் கொடுத்த பதிகப் புத்தகங்களையும் வாசித்து வாசித்துத்தான் எழுத்தைப் பிடித்தேன். எதற்கும் நோட்டுப் போட்டு எழுதுகிற என் பழக்கத்தைப் பார்த்து, "ஏட்டி, நீ தாசில்தார் ஆபீசுல இருக்க வேண்டியவ. தப்பி அடுப்படிக்கு வந்துட்ட" என்று சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பைக்கூட அப்போது நான் நம்பவில்லை.

கோமதிக்கு அப்போது எட்டு மாதம். அவளுக்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே ஏழாம் மாதத்தில் போனது. இன்னொன்று முப்பத்தெட்டு நாள் இருந்தது. முப்பத்தெட்டாம் நாள் காலையில் அதைக் குளிப்பாட்டியது நீங்கள். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நான் நினைத்தேன். நீங்கள் என் வீட்டுக்காரரின் கூடப் பிறந்த அக்கா, கல்யாணமாகிப் பிள்ளை இல்லாமல் புருஷனையும் பறிகொடுத்தவர், செங்கோட்டையில் தையல் மிஷினோடு தனியாக இருப்பவர். இவ்வளவையும் சேர்த்து நினைத்தேன்.

கோமதி பிறந்ததும் அவளுக்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். பால் குடித்த நேரம், தூங்கின நேரம், வெளிக்குப் போனது, சளி, காய்ச்சல் எத்தனை டிகிரி. கடைசியில் ஒரு கட்டம்: தூக்கியது யார். மற்றவர்களுக்குப் பெயர் எழுதினேன். உங்களுக்குப் பெயர் எழுதவில்லை. சிவப்புப் பேனாவால் ஒரு சுழி மட்டும் போட்டேன். காய்ச்சல் வந்தால் பின்னால் புரட்டி, சுழி இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். விளக்கேற்றிக் கும்பிட்ட கையோடுதான் உட்கார்ந்து அந்தச் சுழியைப் போடுவேன்.

அந்த வருஷம் சாரல் விடவே இல்லை. எங்கிருந்தெல்லாமோ வேன் பிடித்துக் குற்றாலத்துக்கு நனைய வருகிறார்கள். நம் வீட்டிலோ பிள்ளையின் துணி மூன்று நாளாகக் காயவில்லை. கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணிப் புகையில் காயப்போட்டால் பிள்ளைக்கு இருமல் கூடியது. "வெயில் அடிக்கிற ஊருக்கு ரெண்டு நாள் கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்" என்றார் டாக்டர். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தீர்கள். குடையை மடக்குவதற்குள்ளேயே, "திருச்செந்தூர் போவமா? கடக்கரைல வெயிலு சுள்ளுனு அடிக்கும். முருகனையும் பாத்த மாதிரி இருக்கும்" என்றீர்கள். டாக்டர் சொன்னது அதற்குள் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன்.

நீங்கள் ஊருக்குத் திரும்பின பிறகு, சாயங்காலம் உங்கள் தம்பி மாடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். துணி எடுக்கப் போன என் காதில் விழுந்தது.

"அவகிட்ட இப்ப சொல்லாண்டாம்க்கா. சொன்னா பிள்ளையத் தரமாட்டா. அங்கன போயி முடிச்சுக்கிடுவோம்."

என்னைப் பார்த்ததும் போனை அணைத்துவிட்டு, "மழ வருது, துணிய எடு" என்றார். மழை ஒரு மாதமாக வந்துகொண்டிருந்தது.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பிள்ளைக்கு வெயில் வேண்டும். அதனால் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். ஒரு ராத்திரித் தங்கலுக்குப் பதினெட்டு சாமான் பட்டியல் போட்டு எடுத்துவைத்தேன். பட்டியலின் கடைசியில் அந்த நோட்டு.

நீங்கள் செங்கோட்டையிலேயே ஏறி எங்களுக்கு இடம் போட்டிருந்தீர்கள். தென்காசியில் நாங்கள் ஏறினதும் ஜன்னல் வழியாகவே பிள்ளைக்குக் கையை நீட்டினீர்கள். நான் வாசல் வழியாகத்தான் கொண்டுவந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருத்தி உங்கள் மடியில் இருந்த கோமதியைப் பார்த்து, "பேத்தியாக்கும்?" என்றாள்.

"ஏன் ஆச்சி, நான் பெத்ததுன்னு சொன்னா நம்ப மாட்டியளோ?"

"நம்பாம என்ன? மூக்கு அப்பிடியே ஒங்க மூக்குல்லா!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உங்கள் மூக்கு உங்கள் தம்பிக்கும் இருக்கிறது, அது கோமதிக்கு வந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த ஆச்சிக்குத் தெரியாதே.

அம்பாசமுத்திரம் தாண்டியதும் பிள்ளை பால் கக்கினாள். "ஏட்டி, எம்பையில துண்டு இருக்கு, எடு" என்றீர்கள். நான் பையை மடியில் இழுத்துத் திறக்கவும், "இரு இரு, நானே எடுக்கேன்" என்றீர்கள். அதற்குள் என் கை உள்ளே போய்விட்டது. துணியில் கட்டின ஒரு முடிச்சு, மெத்தென்று. விரலில் ஒட்டின தூளை மோந்து பார்த்தேன். தவிடு. அதற்கு அடியில் மஞ்சளில் ஒரு புதுக் கவுன். எட்டு மாதப் பிள்ளைக்கு இல்லை. மூன்று வயசுப் பிள்ளைக்குத் தைத்தது.

"எதுக்கு மைனி தவிடு?"

"மாட்டுக்கு."

"திருச்செந்தூர்ல ஒங்களுக்கு மாடு நிக்கோ?"

"கோயில்ல நிக்கும்லா" என்று வெளியே பார்த்தீர்கள். உங்கள் தம்பி பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கினார். திருநெல்வேலி வரும்வரை ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

நான் பிறந்த திருவேங்கடத்துப் பக்கம் பிள்ளைகளை அழவைத்துப் பார்க்க ஒன்று சொல்வார்கள்: நீ எங்க பிள்ளை இல்லை, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று. எனக்கும் சொல்லியிருக்கிறார்கள், நானும் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் அழுதிருக்கிறேன். அதற்குமேல் அதில் ஏதும் உண்டு என்று எனக்குத் தெரியாது. தவிடு, மூன்று வயசுக் கவுன், 'சொன்னா பிள்ளையத் தரமாட்டா'. மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக மனசுக்குள் எழுதிக் கூட்டினேன். பிள்ளையை அக்காவுக்கே கொடுத்துவிடுவதென்று இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு வேறு விடை வரவில்லை.

திருச்செந்தூரில் நீங்கள் சொன்னது போலவே வெயில் சுள்ளென்று அடித்தது. மத்தியானத்துக்குள் பிள்ளையின் மூக்கடைப்பு விட்டுவிட்டது. துவைத்துப்போட்ட துணி ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்து நின்றது. அந்தத் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அழுகைகூட வந்தது. கோமதி கடலை முதலில் பார்க்கவே இல்லை. ஒரு பலூனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அலை வந்து விழுந்த சத்தத்தில் திரும்பினாள். ஒவ்வொரு அலை வரும்போதும் கண்ணை இறுக்க மூடி, போனதும் திறந்தாள். நீங்கள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, "கொண்டா, கால நனைப்போம்" என்றீர்கள்.

"சளி மைனி. வேண்டாம்."

நீங்கள் வற்புறுத்தவில்லை. ஒரு விரலை நனைத்து அவள் உதட்டில் வைத்தீர்கள். முகத்தைச் சுளித்தாள், பிறகு நாக்கை நீட்டி இன்னும் கேட்டாள். "உப்புக்காரி! நம்ம வீட்டு நாக்குலா" என்று கூத்தாடினீர்கள். அறைக்கு வந்ததும் எழுதினேன்: கடல் தண்ணீர், ஒரு சொட்டு. பக்கத்தில் ஒரு சுழி. நோட்டைப் பிள்ளையின் பையில் டயப்பர்களுக்கு அடியில் வைத்தேன். படுக்கும்போது அவள் சட்டை நுனியை என் முந்தானையோடு முடிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் தரிசனம் முடிந்தது. முருகனிடம் நான் வேண்டியதை இப்போது உங்களிடம் சொல்வதில் என்ன வெட்கம்? இவளை யாருக்கும் கொடுக்கவிடாதே என்றுதான் வேண்டினேன். வெளியே நிழலில் பிள்ளையோடும் அவள் பையோடும் உங்களை உட்காரவைத்துவிட்டு, உங்கள் தம்பி பஞ்சாமிர்தம் வாங்க வரிசைக்குப் போனார். பிள்ளைக்கு வெந்நீர் தீர்ந்திருந்தது. டீக்கடை கண்ணுக்கு எட்டின தூரத்தில்தான். போய் ஃபிளாஸ்க்கை நிறைத்துக்கொண்டு திரும்பினால் நீங்கள் அங்கே இல்லை.

மணலில் இறங்கித் தேடினேன். தூரத்தில் உங்கள் பச்சைச் சேலை தெரிந்தது. முன்னால் ஒரு பூக்காரி, இடுப்பில் கூடையோடு. நீங்கள் என் பிள்ளையை அவளை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தீர்கள். கிட்டே ஓட ஓட அவள் குரல் காற்றில் வந்தது.

"அஞ்சு பெத்தேன், அஞ்சும் நிக்கி. குடுங்கக்கா, நான் வாங்கிக்கிடுதேன்."

ஃபிளாஸ்க் எங்கே விழுந்தது என்று தெரியாது. "எம்பிள்ளைய விக்கியளா!" என்று நான் கத்தின கத்தில் கடலில் நின்றவர்கள் திரும்பினார்கள். பிள்ளையைப் பிடுங்கினேன். கோமதி வீறிட்டாள்.

பூக்காரி அசரவில்லை. "ஆமா தாயி, விக்கத்தான் செய்யுதாக. பெத்தவ நீதானா? ஒனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

நீங்கள் என் தோளைத் தொட வந்து, தொடாமல் கையை இறக்கினீர்கள்.

"நில்லுட்டி. கேளு. ரெண்டு தங்காமப் போச்சுல்லா. இத முருகனுக்குக் குடுத்துருவோம். அவன்கிட்டருந்து இவ தவிட்டுக்கு வாங்குவா. வாங்கி, 'வளத்துத் தா'ன்னு ஒங்கிட்டயே குடுப்பா. அதுக்கப்புறம் இது ஒம்பிள்ள இல்ல. ஒம்பிள்ளையத் தேடிக்கிட்டு எது வந்தாலும் ஏமாந்து திரும்பிப் போயிரும்."

பஞ்சாமிர்த டப்பாவோடு உங்கள் தம்பி ஓடி வந்தார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவரைத்தான் கேட்டேன்.

"சொன்னா நீ தருவியா? யாரு தூக்குனாலும் கடியாரத்தப் பாக்க. கண்டிசனா மாட்டேன்னு சொல்லிருப்ப."

அவர் உங்கள் பக்கம் திரும்பினார்.

"எக்கா, வெளியாளு எதுக்கு? அத்தைக்காரி நீ இருக்கும்போது. நீயே வாங்கு."

"வேண்டாம்லே."

"ஏன்?"

"ஆகி வராத கைல்லா இது. அவளுக்கே தெரியும், கேளு."

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. மணலைப் பார்த்துச் சொன்னீர்கள். அவர் என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "நீ ஒரு வார்த்த சொல்லு. அக்காவே வாங்கட்டும்னு சொல்லு" என்றார்.

ஒரு வார்த்தைதான். பூக்காரி காத்திருந்தாள். நீங்கள் தவிட்டு முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் சொன்னால் கோமதி உங்களுக்கும் மகள். சொன்னேன். பூக்காரியைப் பார்த்துச் சொன்னேன்.

"நீங்களே வாங்கிக்கிடுங்க."

முடிச்சை அவளிடம் கொடுத்தீர்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதையும் நான் அப்போது சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

கோபுரத்தைப் பார்த்து ஒரு துண்டை விரித்து, அதில் பிள்ளையைக் கிடத்தச் சொன்னீர்கள். 'முருகா, இது உன் பிள்ளை, எனக்கு இல்லை' என்று நான் சொல்ல வேண்டும். மூன்று தரம் 'முருகா' என்பதோடு நின்றுவிட்டேன். நாலாவது தரம் வந்தது. பூக்காரி ஒரு பிடி தவிட்டை என் முந்தானையில் போட்டுவிட்டு, பிள்ளையை எடுத்து முத்தமிட்டாள். அந்த மஞ்சள் கவுனை மாட்டினாள். கையும் காலும் உள்ளே போய், தலை மட்டும் வெளியே நின்றது.

"என்னக்கா இது, கன்னுக்குட்டிக்குத் தச்சியளா?"

"அந்த வயசுக்கு அவ வரணும்லா" என்றீர்கள். "சட்ட முன்னால போயி நிக்கட்டும். பிள்ள பின்னால வரட்டும்."

பூக்காரி சிரித்துக்கொண்டே பிள்ளையை என் கையில் தந்தாள். "இந்தா, எம்பிள்ள. நல்லா வளத்துத் தா. அடிக்காத." ஒரு முழம் பூவும் தந்தாள். பேர் கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் மகளுக்குத் திருச்செந்தூரில் ஒரு தாய் இருக்கிறாள். அவள் யாரென்று எங்களுக்குத் தெரியாது.

முந்தானைத் தவிட்டை ஒரு மாட்டுக்குத்தான் போட்டோம். மாட்டுக்கு என்று நீங்கள் ரயிலில் சொன்னது பொய் இல்லை.

அறைக்குப் போய்ப் பிள்ளையின் பையைத் திறந்தேன். ராத்திரி நான் அடியில் வைத்த நோட்டு மேலே இருந்தது. காலையில் டயப்பர் எடுத்தபோது நானே புரட்டியிருக்கலாம். அல்லது நிழலில் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் எடுத்திருக்கலாம். நீங்கள் படித்தீர்களா மைனி? அந்தச் சிவப்புச் சுழி யாரென்று கண்டுபிடித்தீர்களா? 'அவளுக்கே தெரியும்' என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? இத்தனை வருஷம் இதைத்தான் கேட்காமல் வைத்திருந்தேன். இல்லை என்று நீங்கள் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆமாம் என்றால் தாங்கியிருக்க மாட்டேன்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு மாதம் நீங்கள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அந்த மாதத்தில் கோமதிக்கு இரண்டு தரம் காய்ச்சல் வந்தது. இரண்டாம் தரம் வந்த அன்றைக்குத்தான் நோட்டை முதல் பக்கத்திலிருந்து எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து காய்ச்சல் கண்ட நாள் பதினாறு. முந்தின நாளோ அன்றோ சுழி இருந்தது ஐந்தில். மற்றப் பதினொன்றுக்கும் நீங்கள் செங்கோட்டையை விட்டு அசையவே இல்லை. நான் இத்தனை நாளும் சுழி இருந்த பக்கங்களை மட்டும் பார்த்திருக்கிறேன். கூட்டலில் தப்பு விட்டதில்லை என்று பெருமை பேசுகிறவள்.

நோட்டை அடுப்பில் போட்டேன். ஆனால் நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளப் பழகிவிட்டீர்கள். பிள்ளை தவழ்ந்து வந்தால் கை பின்னால் போகும். நடந்து வந்தால் பின்னால் போகும். கோமதி அதை விளையாட்டு என்று நினைத்து, சுற்றிச் சுற்றி வந்து உங்கள் கையைத் தேடுவாள். "தூக்குங்க மைனி" என்று நானே சொல்வேன். "மிஷின் எண்ணெ கைட்டி." இன்னொரு நாள், "உள்ளி உரிச்ச கை, பிள்ளைக்குக் கண்ணு எரியும்." இன்னொரு நாள், "எனக்குச் சளி." மூன்று வயசில் அந்த மஞ்சள் கவுன் அவளுக்கு அளவாக இருந்தது. போட்டுக் கூட்டிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் நிறுத்தினேன். பொத்தானைக்கூட நீங்கள் தொடவில்லை. "வந்துட்டாளே!" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் கழுத்துவரை போர்வையைப் போர்த்திப் படுத்திருந்தீர்கள். பேச்சு குறைந்துவிட்டது. கோமதி கட்டிலை ஒட்டி நின்றாள். அவளுக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"அத்த, ஒங்க கைய ஏன் எப்பவும் ஒளிச்சே வச்சிருக்கிய?"

கேட்டவள், பதிலுக்கு நிற்காமல் போர்வைக்குள் கையை விட்டு உங்கள் வலது கையை வெளியே இழுத்தாள். குனிந்து, அதைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள். வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டீர்கள், வாயால் இல்லை. நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் உங்கள் விரல் அவள் முடிக்குள் அசைந்தது.

நோட்டைப் பற்றின கேள்விக்கு இனிமேல் பதில் வராது. அந்தப் பார்வைதான் என்னிடம் இருக்கிறது. என் பிள்ளையைத் தொட என்னிடம் உத்தரவு கேட்ட பார்வை. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கோமதிக்குத் தலை வாரிவிடுகிறேன். உச்சியில், நீங்கள் கைவைத்த இடத்துக்கு வந்ததும் சீப்பு தானாக நின்றுவிடுகிறது. "ம்மா, நேரமாச்சு" என்கிறாள். வாருகிறேன்.